அத்தை மாட்டிய ரிலே

நம்ம வயதுக்காரர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

போன வாரம் என் பேத்தி ஒரு சாமான் வாங்கி வந்து சமையலறை மேடையில் பரப்பினாள். தீப்பெட்டி அளவில் ஓர் அட்டை, அதன்மேல் நீல நிறத்தில் ஒரு குட்டிப் பெட்டி. மைக்ரோ கண்ட்ரோலராம், ரிலே மாட்யூலாம். போனைத் தட்டினால் அந்த நீலப் பெட்டி 'டக்' என்கிறது, மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடுகிறது. "இத்துனூண்டு கரண்டு அவ்ளோ பெரிய கரண்டை ஓட வெக்குது பாட்டி, தெரியுமா?" என்று எனக்கு வகுப்பெடுத்தாள். தெரியும் கண்ணு, உன் அம்மா பிறப்பதற்கு முன்னாடியே தெரியும் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அந்த 'டக்' சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளையாகக் கையில் வெங்காயம் இருந்தது, பழியை அதன்மேல் போட்டேன்.

எங்கள் தோட்டம் கோபாலபுரம் செக்போஸ்டுக்கு மேற்கே, கேரளத்து மண்ணில் இருந்தது. மண்தான் கேரளம். பேச்சு, சந்தை, சம்பந்தம் எல்லாம் பொள்ளாச்சிப் பக்கம். எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நிலத்தைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள், அண்டா குண்டாவைப் பிரித்தார்கள். கிணற்றையும் அதன்மேல் உட்கார்ந்திருந்த அஞ்சு குதிரைச் சக்தி மோட்டாரையும் மட்டும் பிரிக்க வழியில்லை. அதனால் முறை வைத்தார்கள். காலையிலிருந்து உச்சி வரை எங்கள் வயலுக்குத் தண்ணீர், உச்சிக்கு மேல் பெரியப்பா வயலுக்கு.

அத்தையையும் பிரித்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள், கல்யாணம் ஏனோ தட்டிக்கொண்டே போனது. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்தாள். ஒரு மாதம் எங்கள் வீடு, ஒரு மாதம் பெரியப்பா வீடு. மாதம் பிறந்தால் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து அடுத்த வீட்டுக்குப் போவாள். நாங்கள் பிள்ளைகள் பின்னாலேயே போவோம். "தண்ணிக்கு அரை நாள் முறை, எனக்கு ஒரு மாச முறை. நான் பரவால்ல" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நாங்கள் அப்படியே நம்பினோம்.

தண்ணீர் முறையில் ஒரு வழக்கம் இருந்தது. முறை முடிந்தவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, கிளுவை வேலியோரம் போய் நின்று, அடுத்தவரை வாயால் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மடை மாறினால் அது திருட்டு. பாகம் பிரித்ததிலிருந்து இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. ஆனாலும் இந்த ஒன்றுக்காக அப்பா தினமும் உச்சி வேளையில் வேலிக்குப் போயாக வேண்டும். போனால் சண்டை நிச்சயம்.

"அண்ணா, மணி பன்னெண்டு. தண்ணி மாத்திக்குங்க."

"சங்கு ஊதி எத்தன நேரமாச்சு? உன்ற மாமனார் போட்ட கடியாரத்துக்கு இப்பத்தான் பன்னெண்டாச்சாக்கும்?"

"ரேடியோவக் கேட்டு வெச்ச டைமுங்க. ரேடியோக்காரன் பொய் சொல்லுவானா?"

"அப்ப மில்லுச் சங்கு ஊதறவன் மட்டும் பொய் சொல்லுவானா?"

பெரியப்பாவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கத்து மில் சங்குதான் நேரம். அப்பாவுக்கு ரேடியோ சொன்னதுதான் நேரம். இரண்டு பன்னிரண்டுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச நேரத்துத் தண்ணீருக்காக ஊரே கேட்கும்படி கத்துவார்கள். கத்துகிற கத்தலுக்குள்ளே வேறு என்னென்னவோ வரும். "அந்தச் சின்னப் புள்ளைக்குக் காச்சலாமா? கசாயம் வெச்சுக் குடுக்கறதுக்கும் மாமனார் ஊட்டுல கேக்கோணுமாக்கும்?" என்பார் பெரியப்பா. "உங்க செவலக் காளை நொண்டறதக் கண்ணு இருந்தாப் பாருங்க!" என்பார் அப்பா. அன்று மாலையே எனக்குக் கசாயம் வந்துவிடும், செவலைக் காளைக்கு லாடம் கட்ட ஆள் வந்துவிடும். அதையெல்லாம் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சண்டை என்றே எல்லோருக்கும் பேர்.

ஒருநாள் சண்டை முற்றி, பெரியப்பா மம்பட்டியை வீசி எறிந்தார். அப்பா மேல் எறியவில்லை, வாய்க்காலில்தான் எறிந்தார். ஆனால் அப்போதுதான் பஸ் இறங்கி வரப்பில் வந்துகொண்டிருந்த அத்தை அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அம்மா எவ்வளவு சொல்லியும் தட்டைத் தொடவில்லை.

"எனக்குன்னு வேற யாரு இருக்கறாங்கண்ணி? இவங்க ரெண்டு பேருந்தான். ஒருத்தர் கையால ஒருத்தருக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் எந்த ஊட்டு வாசல்ல போயி நிப்பேன்?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பொள்ளாச்சிக்குப் போய்ப் பழைய இரும்புக் கடையில் துழாவி ஒரு சாமானை வாங்கி வந்தாள். உருளை வடிவில் செம்புக் கம்பி சுற்றியது, அதன் தலையில் ஒரு தகர நாக்கு. டெலிபோன் ஆபீசில் அவள் உட்காரும் போர்டுக்குப் பின்னால் இதுபோல் அலமாரி அலமாரியாக இருக்குமாம். நாள் முழுக்க டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்குமாம். மெக்கானிக்கை நச்சரித்து அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள்.

எங்கள் சமையலறையில் டார்ச் செல்களை வரிசையாக வைத்துக் கம்பியைத் தொட்டுக் காட்டினாள். நாக்கு 'டக்' என்று இறங்கியது. கம்பியை எடுத்தாள், மறுபடி ஏறியது. நான் கைதட்டினேன்.

"இதுக்கு ரிலேன்னு பேரு அம்மிணி. மோட்டாரு கரண்டத் தொடறதுக்கு இந்த டார்ச்சு செல்லுக்குத் தெம்பு கெடையாது. ஆனா அந்தக் கரண்டு போற கதவத் தொறந்து மூடற தெம்பு இருக்குது. உன்ற அப்பனத் தூக்கி நிறுத்த உன்னால ஆகுமா? ஆவாது. ஆனா அப்பா சோறு உண்ண வாங்கன்னு நீ கூப்பிட்டா எந்திரிச்சு வாராரில்ல, அது மாதிரி."

இரண்டு அண்ணன்மாரையும் தனித்தனியாகப் பிடித்தாள். அவரால் இனி உங்களை ஏமாற்ற முடியாது என்று இவரிடம் சொன்னாள். இவரால் இனி உங்களை ஏமாற்ற முடியாது என்று அவரிடம் சொன்னாள். இரண்டு பேரும் உடனே சம்மதித்துவிட்டார்கள்.

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டு அத்தை மோட்டார் ரூமுக்குள் வேலை செய்தாள். அப்பா பக்கத்தில் காய்ந்த உலக்கையைப் பிடித்தபடி நின்றார். ஷாக் அடித்தால் கையால் தொடக்கூடாது, மரக்கட்டையால் தட்டித்தான் விடுவிக்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். "கரண்டே இல்லாத எடத்துல எதுக்குண்ணா ஒலக்கை?" என்று அத்தை கேட்டாள். "நீ பாட்டுக்கு வேலயப் பாரு" என்றார். அவள் முடிக்கும் வரை உலக்கையைக் கீழே வைக்கவில்லை.

ஏற்பாடு இதுதான். ஒரு அலாரம் கடிகாரம். உச்சிக்கு அலாரம் அடிக்கும்போது அதன் பின்னால் இருக்கும் சாவி சுற்றுமல்லவா, அந்தச் சாவியில் ஒரு நூல். நூல் இழுக்க, தகரத்துண்டு ஒன்றோடு ஒன்று தொடும். டார்ச் செல் கரண்ட் ரிலேக்குப் போகும். ரிலே 'டக்' என்னும். மோட்டார் ஸ்டார்ட்டர் விட்டுவிடும், மோட்டார் நிற்கும். அதே 'டக்'கில் பெரியப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு குண்டு பல்பு எரியும். எரிந்தால் அவர் முறை. வந்து நூலைத் தளர்த்தி, மடையைத் திருப்பி, மோட்டாரைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். கடிகாரத்தை அத்தை டெலிபோன் ஆபீஸ் மணிக்கு வைத்தாள். அது சங்குக்கும் சேராது, ரேடியோவுக்கும் சேராது. அதனால் இரண்டு பேருக்கும் திருப்தி.

முதல் நாள் அது வேலை செய்ததைப் பார்க்க நாங்கள் எல்லோரும் வேலியோரம் நின்றோம். அலாரம் அடித்தது, மோட்டார் ஓய்ந்தது, பல்பு எரிந்தது. பெரியம்மா அத்தைக்குத் திருஷ்டி கழித்தாள். அம்மா பாயசம் வைத்தாள். சண்டை அன்றோடு நின்றது. அத்தை அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸுக்குப் போகும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

அப்புறம் மெதுவாகத்தான் தெரிந்தது. சண்டையோடு சேர்ந்து எல்லாமே நின்றுவிட்டது. அப்பா உச்சிக்குக் கொஞ்சம் முன்பே மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரப்பேறிவிடுவார். பல்பு எரிந்த பிறகு பெரியப்பா அந்தப் பக்கத்திலிருந்து வருவார். மாரியம்மன் நோம்பியில் ஆளுக்கொரு பக்கம் நின்று சாமி கும்பிட்டார்கள். பெரியப்பா வீட்டில் மாடு கன்று போட்ட சங்கதி எங்கள் வீட்டுக்குச் சீம்பால் வந்தபோதுதான் அப்பாவுக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

இதில் அம்மாவுக்கு வேறொரு புகார். உச்சிக்குப் பெரியப்பா வந்ததும் மோட்டாரைப் போடுவதில்லை. மோட்டார் ரூம் வாசலில் நின்று, கண்மேல் கையை வைத்து, எங்கள் வரப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் மோட்டார் சத்தம் கேட்கும். "பாருங்க, நாம மடைய ஒழுங்கா அடச்சமா, சொட்டுத் தண்ணி திருடிட்டுப் போறமான்னு நோட்டம் பாக்கறாரு. பெரிய மனுசனுக்கு இது அழகா?" என்பாள் அம்மா. நானும் அதையே நம்பி, பெரியப்பா அப்படி நிற்கும்போது தூரத்திலிருந்து நாக்கைத் துருத்திக் காட்டுவேன்.

அத்தைக்கு முதலில் உறைத்தது. "திட்டிக்கிட்டாவது பேசிட்டு இருந்தாங்க அண்ணி. அதையும் நான் நிறுத்திப்போட்டேன்" என்றாள். ரிலேயைக் கழற்றிவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டாள். "இப்பத்தான் நிம்மதியா இருக்கறேன், அதக் கெடுக்கப் பாக்கறயா?" என்றார். பெரியப்பாவிடம் கேட்டாள். அவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாராம். அன்று ராத்திரி தலை பின்னிவிடும்போது என்னிடம் சொன்னாள், தேவிகுளத்துக்கு மாற்றல் கேட்டுப் போய்விடப் போகிறாளாம். அங்கே தேயிலைக் காட்டுக் குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு போன் எடுப்பாளாம். "ரெண்டு ஊடு இருந்தும் எனக்கு ஒரு ஊடு இல்லியே அம்மிணி" என்றாள். நான் அவள் மடியில் விழுந்து அழுதேன்.

அது பங்குனி வெயில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அனலாக அடிக்கும். பள்ளிக்கூடம் லீவு. நான் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் பெரியம்மாவோடு உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேல் பல்பு எரிந்தது. பெரியப்பா மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனார். வெகுநேரமாகியும் மோட்டார் சத்தம் கேட்கவில்லை. "இந்த மனுசன் போயி என்ன பண்றாரு, பாத்துட்டு வா கண்ணு" என்று பெரியம்மா அனுப்பினாள்.

பெரியப்பா வழக்கம்போல மோட்டார் ரூம் வாசலில் கண்மேல் கை வைத்து நின்றிருந்தார். நான் நாக்கைத் துருத்தினேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. திடீரென்று மம்பட்டியைப் போட்டுவிட்டு, "அப்புனூ!" என்று ஒரு கத்துக் கத்தினார். சின்ன வயதில் அப்பாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவாராம், நான் அதுவரை கேட்டதில்லை. பதில் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் கரும்புக்காட்டுக்குள் ஓடினார். கரும்பு அசைவது மட்டும் தெரிந்தது. "அப்புனூ, டேய் அப்புனூ" என்ற சத்தம் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

வெளியே வந்தபோது அப்பா அவர் முதுகில் இருந்தார். தலை பெரியப்பாவின் தோளில் தொங்கியது. காதோரம் ரத்தம். வெயிலில் மயங்கி வரப்புக் கல்லில் அடித்து விழுந்திருக்கிறார். மோட்டார் நேரத்துக்கு நின்றுவிட்டது, பல்பு நேரத்துக்கு எரிந்துவிட்டது, அப்பா மட்டும் கரும்புக்குள் கிடந்தார். பெரியப்பாவின் காலில் செருப்பு இல்லை. கொதிக்கிற மண்ணில் ரோட்டுக்கு ஓடினார். "தூங்காதடா, அப்புனு, என்ற தங்கமே, தூங்காதடா" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

ரோட்டோரக் கடையில் ஒரு போன் இருந்தது. பெரியப்பா ஜன்மத்தில் போனைத் தொட்டதில்லை. கடைக்காரர் காதில் வைத்துக் கொடுத்தார். அந்தப் பக்கம் சித்தூர் ஆபீசில், போர்டில் உட்கார்ந்திருந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"காரு வேணும்! டாக்சி! சீக்கரம்! என்ற தம்பிக்கு! என்ற தம்பி பேசமாட்டீங்கறான்!"

அத்தை பிற்பாடு எங்களிடம் சொன்னாள். குரலைக் கேட்டதுமே யாரென்று தெரிந்துவிட்டதாம். அண்ணா என்று கூப்பிட வாய் வந்ததாம். கூப்பிட்டால் ஒரு நிமிஷம் போய்விடும் என்று, வாயைப் பொத்திக்கொண்டு டாக்சி ஸ்டாண்டுக்கு லைனை மாட்டிக் கொடுத்தாளாம். அதற்கப்புறம்தான் நாற்காலியிலிருந்து எழுந்தாளாம். "ரெண்டு வருசமா அவரு வாயில தம்பிங்கற வார்த்தையே நான் கேட்டதில்ல" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அப்பா கண் விழிக்கச் சாயங்காலமாகிவிட்டது. ரத்தக் கொதிப்பு, அதோடு வெயில். தலையில் தையல் போட்டார்கள். "பேடிக்கேண்டா" என்று, பயப்படாதே என மலையாளத்தில் சொல்லி, நர்சம்மா அம்மாவின் தோளைத் தட்டினாள். பெரியப்பா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பாதமெல்லாம் கொப்புளம். அத்தை அவர் காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கரும்புக்குள்ள கெடந்தது உங்களுக்கு எப்படீண்ணா தெரிஞ்சுது? பல்புதான் நேரத்துக்கு எரிஞ்சுதே?"

"பல்பு கெடக்குது. தெனமும் அவன் வரப்பேறி ஊடு போயிச் சேர்றதப் பாத்துட்டுத்தான் நான் மோட்டாரப் போடுவேன். இன்னைக்கு அவன் போகல."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நோட்டம் என்று நாங்கள் நினைத்தது இதுதான். இவ்வளவு நாளும் அந்த மனுஷனை என்னவெல்லாம் பேசியிருந்தோம்!

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அத்தை ஸ்க்ரூ டிரைவரோடு மோட்டார் ரூமுக்குப் போனாள். பெரியப்பா தடுத்துவிட்டார். "வேல செய்யற சாமான எதுக்குப் புடுங்கோணும்? அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அப்பாவைப் பார்க்க வீட்டுக்குள் வரவுமில்லை. வாசலில் இளநீர்க் குலையை இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுவார். அப்பாவும் யார் வைத்தது என்று கேட்காமல் குடிப்பார். அத்தைக்குப் பழைய பயம் மறுபடி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியோடு முடிந்துபோன பாசமா இது என்று அம்மாவிடம் குமுறினாள்.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே ஒருநாள் அப்பா யாரிடமும் சொல்லாமல் மம்பட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அன்று அத்தைக்கு வார லீவு. அம்மாவும் அவளும் சமையலறையில் இருந்தார்கள், நான் வாசற்படியில் இருந்தேன். உச்சியில் மோட்டார் நின்றது. அதற்குள் அப்பா வரப்பேறியிருக்க வேண்டும். ஏறவில்லை. பெரியப்பா மோட்டாரைப் போட வேண்டும். அந்தச் சத்தமும் இல்லை. அத்தை அரிவாள்மணையை விட்டு எழுந்து வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

அப்போது கிணற்றுப் பக்கமிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது.

"தலையில கட்டுப் பிரிக்கல, அதுக்குள்ள உனக்கு என்னடா மம்பட்டி?"

"என்ற வயலுக்கு நான் வராம வேற யாரு வருவாங்க?"

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? உன்ற மடையையும் சேத்து நான் பாத்துக்க மாட்டனா?"

"நீங்க பாத்துக் கிழிச்சீங்க! பாதிக் கரும்புக்குத் தண்ணி ஏறல!"

"உன்ற தங்கச்சி பொட்டி சங்கு ஊதறதுக்கு முன்னாலயே நிறுத்திப்போடுது, நான் என்னடா பண்றது?"

"என்ற தங்கச்சியா? உங்களுக்கு மட்டும் அவ தங்கச்சி இல்லீங்களா?"

அவ்வளவுதான், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். யார் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. செவலைக் காளை வந்தது, மாமனார் கடிகாரம் வந்தது, வெறும் வயிற்றில் வெயிலில் நின்றது வந்தது. தென்னையிலிருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

"ஐயோ, தலையில தையல் போட்ட மனுசன்!" என்று அம்மா கரண்டியோடு ஓடினாள். அத்தை எட்டி அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

"போகாதீங்கண்ணி" என்றாள். "பேசிட்டு இருக்கறாங்க."